நாடிப் பலகையில் முதல் பெயர்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீ அனுப்பிய புகைப்படத்தைப் பார்க்கும்வரை.

நாற்பத்தாறு வயது. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் உத்தியோகம். நீ வருகிறாய் என்றால் பத்து மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரன் வாசலுக்கு வந்து நிற்கிறான். அப்படிப்பட்டவன் பச்சையும் மஞ்சளுமாக, மூச்சு விட்டால் கிழிந்துவிடும்போல ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். சைக்கிள் மனிதனைச் சுமப்பதற்கு. மனிதன் சைக்கிளைச் சுமப்பதை இந்த வயதில்தான் பார்க்கிறேன். உன் அண்ணி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "தம்பிக்கு இதைவிடப் பெரிய சைஸ் கிடைக்கலையா?" என்றுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் சங்கத்தார் பன்னிரண்டு பேர் நாற்பது கிலோமீட்டர் மிதித்துப் போய் டீ குடித்துவிட்டு, நாற்பது கிலோமீட்டர் திரும்பி வருகிறீர்களாமே. உன் தெருமுனை டீக்கடைக்காரன் என்ன பாவம் செய்தான்? நான் முப்பத்துநான்கு வருஷம் தபால்காரனாக மிதித்தேன். மழையில் மிதித்தேன், நாய் துரத்த மிதித்தேன், பை நிறையக் கல்யாணப் பத்திரிகையோடு மிதித்தேன். ஒருவரும் என்னைப் படம் எடுக்கவில்லை. அந்த முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு தலைவலி என்று டாக்டர் வீட்டுப் படி ஏறியதில்லை. வயிற்றுக்காக மிதிப்பவனுக்கு உடம்பு சொன்னபடி கேட்கும்.

போன மாதம் தொலைபேசியில் இதையே சொன்னபோது பாதியில் வைத்துவிட்டாய். அதனால் இனி எல்லாம் கடிதத்தில்தான். காகிதத்தைக் கசக்கி எறியலாம், ஆனால் படித்த பிறகுதான் எறிய முடியும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணாவுக்கு வணக்கம்.

இங்கே அனைவரும் நலம். உங்கள் நலத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துக்குத் திட்டும் தெம்பு இருக்கிறதே.

நீங்கள் ஓட்டியதைச் சைக்கிள் ஓட்டுவது என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அது சக்கரம் வைத்த இரும்புக் கட்டில். வீட்டுக்கு வீடு இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் வாங்கிக் குடித்து, மணிக்கு எட்டு கிலோமீட்டர். நாங்கள் முப்பதில் போகிறோம். எங்கள் கேப்டன் டைல்ஸ் கடைக்காரர்தான், ஆனால் விளையாட்டு உடம்பைப் பற்றி அவர் படிக்காத பத்திரிகை இல்லை. நாங்கள் போகும்போது நடைபாதையில் மூச்சு வாங்க நடக்கிற தொப்பைக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்கூட வருவதில்லை. அருவருப்புதான் வருகிறது.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. இரண்டு மாதமாகக் கொஞ்சம் அசதி. நீர்த்தொட்டி மேட்டில் நான் எப்போதும் மூன்றாவதாக ஏறுவேன். இப்போது பதினோராவது. எனக்குப் பின்னால் மருந்துக்கடைப் பெரியவர் மட்டும் வருகிறார், அவருக்கு அறுபத்துமூன்று. பின்சக்கரத்து பேரிங் தேய்ந்திருக்கும் என்று கேப்டன் சொன்னார். மாற்றினேன். டயரை மாற்றினேன். சீட்டை ஒன்றரை அங்குலம் ஏற்றினேன். இனிச் சரியாகிவிடும்.

போன நவம்பரில் ஒரு வாரம் வந்து தங்கட்டுமா என்று கேட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், வராதே என்றீர்கள். இந்நேரம் சுவர் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். வரலாமா?

அண்ணிக்கு என் வணக்கம். சட்டை சரியான சைஸ்தான் என்று சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு ஆசிகள்.

இங்கு யாவரும் சௌக்கியம். நீ அசதி என்று எழுதியதைப் படித்துச் சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சௌக்கியம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பேரிங்காம், டயராம், சீட்டாம். அந்தச் சைக்கிளில் உன்னைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டாய்.

அசதி என்ற சொல் நம் வீட்டில் என்ன மதிப்புப் பெற்றது என்று உனக்கு நினைவிருக்காது. அப்பா போகும்போது நீ பொடியன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரக்கடையில் கணக்குப்பிள்ளை வேலை. பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தபடி தூங்குவார். கடையிலிருந்து வீடு நாலு தெரு. அதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அம்மா அவரைத் தூங்குமூஞ்சி என்று நம் முன்னாலேயே சொல்லுவாள், நாமும் சிரிப்போம். கடைசியில் ஒரு மத்தியானம் அந்தப் பலகை மேலேயே போய்ச்சேர்ந்தார். வழக்கமான தூக்கம்தான் என்று முதலாளி ஒரு மணிநேரம் எழுப்பவில்லை. சாவில்கூட ஒரு சுறுசுறுப்பு இல்லாத மனிதர். அந்தச் சொத்துதான் உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் குளிர்ந்த தண்ணீரில் குளி, சரியாகப் போகும்.

இப்போது வர வேண்டாம். குழாய் வேலை நடக்கிறது, வீடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறது.

உன் மனைவி பிள்ளைகளுக்கு என் அன்பு.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோருக்கும் சுகம். குழாய் வேலை முடிந்து வீடு வீடாக இருக்கும் என்று நம்புகிறேன்.

என்னை அப்பாவோடு சேர்த்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கடவுள் எனக்கு ஒரு பதிலைக் கொடுத்தார், அதைத்தான் எழுதுகிறேன்.

கேப்டன் தன் கடைக் கிடங்கில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார். நாடிப் பலகை என்று பெயர். காலையில் படுக்கையில் இருந்தபடியே நாடித்துடிப்பை எண்ணி, வாரம் ஒரு முறை எல்லோரும் அதில் எழுத வேண்டும். யாருக்குக் குறைவோ அவன் பெயர் மேலே. பெரிய பந்தயக்காரர்களுக்கெல்லாம் இதயம் பலமாக இருப்பதால் மெதுவாகத்தான் துடிக்குமாம். சாதாரண ஆளுக்கு எழுபது, எழுபத்தைந்து. கேப்டனுக்கு நாற்பத்திரண்டு. அதை அவர் கடைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்லுவார்.

எனக்கு முதல் வாரம் நாற்பத்துநான்கு. போன ஞாயிறு முப்பத்தொன்பது. மற்ற பதினோரு பேரும் கை தட்டினார்கள். கேப்டன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இப்போது என் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, "முப்பத்தொம்போது, வாங்க" என்கிறார்கள். இதுதான் உங்கள் தூங்குமூஞ்சியின் பிள்ளை.

அசதி இன்னும் விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு மூன்று மாடி ஏறி மெஷின் ரூமுக்குப் போனேன். போய்ச் சேர்ந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் கறுப்பாகப் பூச்சி பறந்தது. உடம்பு அடுத்த கட்டத்துக்குப் போகும்போது இப்படித்தான் இருக்கும் என்கிறார் கேப்டன்.

உங்கள் நாடி அந்தக் காலத்தில் எவ்வளவு என்று எண்ணியதுண்டா? எழுதுங்கள், பலகையில் உங்களையும் போட்டுப் பார்க்கலாம். எண்பதுக்குக் குறையாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

அண்ணிக்கு வணக்கங்கள்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

நலம். நலமா?

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. கண்ணாடி உடைந்துவிட்டது. பிறகு காகிதம் தீர்ந்துவிட்டது. வீட்டு வேலைகள் வேறு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ சோதிக்கப் போகும் லிஃப்டெல்லாம் ஓடாத லிஃப்டா? நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத்தானே வருஷத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கேபிளைத் தடவித் தடவிப் பார்க்கிறாய்? சும்மா ஓடுகிறதே என்று விடமாட்டேன் என்று சட்டம் பேசுவாயே. உன் உடம்புக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டுகிறவன்தான் இன்ஸ்பெக்டரா? மூன்று மாடி ஏறி உட்கார்ந்த அன்றைக்கே ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டாமா? அறிவு கெட்டவனே, போய்க் காட்டு. நெஞ்சைக் காட்டு.

அந்தப் பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்து. கிறுக்கர்கள் வேலை.

அண்ணன்


ஜூன் 28

அண்ணாவுக்கு வணக்கம்.

நாங்கள் சுகமே. கண்ணாடியும் காகிதமும் ஒருசேரக் கிடைத்தது பற்றி மகிழ்ச்சி.

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் படித்துக் காட்டினேன். முப்பத்துநான்கு வருஷம் டாக்டர் படி ஏறாத மனிதர் மற்றவனைப் போய்க் காட்டச் சொல்கிறார் என்று ஒரே சிரிப்பு. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். நான் முதலில் போவதாக இல்லை. இவள்தான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் என் தலையை உருட்டினாள். "பெரியவர் கேலி பண்ணாம எழுதி நான் பாத்ததே இல்ல. இதுல கேலியே இல்லையே" என்றாள். அவளுக்காகத்தான் போனேன்.

இரத்தம் எடுத்தார்கள். இரும்புச் சத்து, சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரி. ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு மெதுவாக இருக்கிறது, ஒரு சிறு தாமதமும் தெரிகிறது, சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது உண்டு என்றார் டாக்டர். அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய், மயக்கம், நெஞ்சில் கருவி, சின்ன வயதில் மரணம் ஏதாவது உண்டா என்று. அப்பாவைப் பற்றிச் சொன்னேன், அசமந்தமான மனிதர், தூக்கத்தில் போனார் என்று. அவர் பேனாவை நிறுத்திவிட்டு, கூடப் பிறந்தவர்கள் எப்படி என்றார்.

அப்போதுதான் உங்களை நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன். "அண்ணன் தபால்காரர் சார். முப்பத்துநாலு வருஷம் சைக்கிள் மிதிச்சவர். இன்னிவரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல" என்றேன். டாக்டர் சிரித்தார். வீட்டில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒரு பதிவுக் கருவியைக் கட்டிப் பார்த்திருப்பாராம், இப்போது தேவையில்லை, மயங்கி விழுந்தால் வாருங்கள் என்றார். படிவத்தில் "இல்லை" என்று எழுதினார். ஆக, உங்கள் பெயரைச் சொல்லித் தப்பித்தேன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், அண்ணன் உடையானும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகஸ்ட் பதினேழு எங்கள் பெரிய ஓட்டம். இருநூறு கிலோமீட்டர், நடுவில் ஒரு மலை. பலகையில் முதல் பெயர் என்பதால் முன்வரிசையில் நான்தான் போக வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. நாடி முப்பத்தாறுக்கு வந்துவிட்டது.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

இங்கு நலம்.

நீ பார்த்த டாக்டர் ஒரு மடையன். படிவம் நிரப்புகிறவனெல்லாம் டாக்டரா? வேறு ஆளைப் பார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தக் கருவியைக் கட்டிப் பார் என்று நீயே கேள். அப்பாவை அசமந்தம் என்று ஏன் சொன்னாய்? அதையெல்லாம் வெளியாட்களிடம் சொல்வதா?

பதினேழாம் தேதி போகாதே. இருநூறு கிலோமீட்டர் போய் என்ன கொண்டுவரப் போகிறாய்? யாராவது அங்கே உனக்காகக் கடிதம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களா? பைத்தியக்காரக் கூட்டம். நான் சொன்னால் ஒரு காரணம் இருக்கும்.

உன் மனைவி புத்திசாலி. அவள் பேச்சைக் கேள்.

அண்ணன்


ஜூலை 15

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை.

காரணம் இருக்கும் என்கிறீர்கள். காரணம் எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க இந்தக் குடும்பத்தில் சைக்கிள் என்றால் நீங்கள்தான். இப்போது நான் முன்வரிசையில் போவது பொறுக்கவில்லை. முதலில் சட்டையைக் கேலி செய்தீர்கள், பிறகு அசதியைக் கேலி செய்தீர்கள். அசதி என்றபோது சோம்பேறி என்றீர்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்றதும் டாக்டர் மடையன். உங்களுக்கு வேண்டியது நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது.

நேற்று சிக்னலில் பெடல் மேல் ஒரு காலை வைத்தபடி நின்றவன், பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பிய பிறகுதான் விழித்தேன். விளக்கு பச்சையானது தெரியவில்லை. வெயில் அப்படி. இதை எழுதுவதற்குக் காரணம், நான் எதையும் மறைக்கிறவன் இல்லை என்பதைக் காட்டத்தான்.

ஓட்டம் முடியும்வரை எழுதாதீர்கள். தொலைபேசியும் வேண்டாம்.

தம்பி


ஜூலை 18

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நான்கு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. உன் மனைவி எடுத்தாள். உன்னை இரண்டு நாள் சைக்கிள் தொடவிடாதே, கடிதம் வருகிறது என்று மட்டும் சொன்னேன். மீதியை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நின்றபடியே படிக்காதே, உட்கார்ந்து படி.

போன நவம்பரில் வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் இடது தோளுக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. பேஸ்மேக்கர் என்று பெயர். இதயம் துடிக்க மறந்தால் அது நினைவுபடுத்தும். அதன் அட்டையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டு.

முப்பத்துநான்கு வருஷமும் பொய். முப்பத்துமூன்று வருஷம் நான்கு மாதம். அதில் கடைசி ஒரு வருஷம் நான் மிதிக்கவே இல்லை, பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனேன். களைப்பு. நீ எழுதினாயே, அதே களைப்பு. மேட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் வாங்கிக் குடித்ததும் தாகத்துக்கு இல்லை, நிற்பதற்கு ஒரு சாக்கு. செயினுக்கு எண்ணெய் போட்டேன். பையை வலமிருந்து இடம் மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் பழக்கடை முன்னால் விழுந்தேன். தெருவெல்லாம் கடிதம். பழக்கடைக்காரி ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தலைமாட்டில் அடுக்கிவைத்திருந்தாள். அப்போது என் நாடி முப்பத்திரண்டு. உங்கள் பலகையில் எழுதியிருந்தால் எனக்குத்தான் முதலிடம்.

அங்கே டாக்டர் என்னிடமும் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா சோம்பேறி சார், உட்கார்ந்த இடத்தில் தூங்குவார், அப்படியே போய்விட்டார் என்றேன். அவர் என் ஈசிஜி காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவர் தூங்கியிருக்க மாட்டாருங்க. அவருக்கும் இதேதான் இருந்திருக்கும். பாவம், மயங்கி மயங்கி எழுந்திருப்பார்" என்றார். இது சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். தலையாட்டினேன். கடிதம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தவிர வேறு தொழில் தெரியாத எனக்கு அந்த ஒரு சேதியைக் கொண்டுவர முடியவில்லை.

ஏன் என்று கேட்பாய். உன்னைக் கேலி செய்துகொண்டே இருந்தேன். நெஞ்சில் பெட்டி வைத்திருக்கிறவன் எந்த வாயால் கேலி செய்வது? அதைவிட மட்டமான காரணம் இருக்க முடியாது, தெரியும். மார்ச்சில் அப்பாவைப் பற்றி எழுதினேனே, சாவில்கூடச் சுறுசுறுப்பு இல்லை என்று. அப்போது எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் எழுதினேன். நாற்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம், கை தானாக எழுதிவிட்டது. ஏப்ரலில் நீ முப்பத்தொன்பது என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஏழு வாரமும் கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

அந்த டாக்டர் மடையர் இல்லை. அவர் எழுதிய "இல்லை" என்பது நான் எழுதியது. போய் அதை அடித்து எழுதச் சொல். இன்றே போ.

அண்ணன்


ஆகஸ்ட் 9

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம் விசாரிப்புக்கு இதுவே போதும்.

நீங்கள் எழுதியதை அப்படியே டாக்டரிடம் நீட்டினேன். முழுவதும் படித்தார். அன்றைக்கே பதிவுக் கருவியைக் கட்டி ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள். மறுநாள் காகிதத்தை விரித்துக் காட்டினார். காலை ஏழு இருபதுக்கு, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, என் இதயம் ஐந்தரை விநாடி நின்றிருக்கிறது. அந்த நாளில் மொத்தம் பதினோரு தடவை. மலை இறக்கத்தில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில், ஐந்தரை விநாடி என்றால் என்ன என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். போன மாதம் முப்பதாம் தேதி எனக்கும் பெட்டி வைத்துவிட்டார்கள். இடது கையைத் தூக்க முடியவில்லை, வலது கையால் எழுத முடிகிறது. நீங்கள் தேறியபோதும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள், சுவர் காயவில்லை என்று.

டாக்டர் என்னிடம், "உங்க அண்ணன் படிச்சவர்தானே?" என்று கேட்டார். "ஊர்க்காரங்க கடிதத்த எல்லாம் ஒரு நாள் தாமதிக்காம குடுத்தவர் சார். எனக்கு வந்ததுதான் எட்டு மாசம் ஆச்சு" என்றேன்.

உங்கள் மேல் மட்டும் வெறுப்பு என்று நினைக்காதீர்கள். தாராளமாகப் பங்கு வைத்திருக்கிறேன். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் லிஃப்டை நிறுத்திச் சீல் வைக்கிறவன் நான். என் நெஞ்சுக்கு மட்டும் டைல்ஸ் வியாபாரியிடம் சான்றிதழ் வாங்கினேன். அந்த வியாபாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். இந்தக் கருவி துடிப்பை எவ்வளவுக்குக் கீழே விடாது என்று விசாரித்தார். அறுபது என்றேன். "அப்ப பலகையில இனிமே கடைசிதான்" என்றார், உண்மையான வருத்தத்தோடு. மருந்துக்கடைப் பெரியவரும் இன்னும் நாலு பேரும் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்களாம். ஒருவருக்கு இரத்த சோகை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. கேப்டன் போகவில்லை. தனக்கு நாற்பத்திரண்டு, தான் எதற்குப் போக வேண்டும் என்கிறாராம். பதினேழாம் தேதி ஓட்டத்துக்கு அவர்தான் முன்வரிசை.

என் பிள்ளைகள் இருவருக்கும் பார்த்தாகிவிட்டது. இப்போதைக்குச் சுத்தம். டாக்டர் குடும்பப் பட்டியலைக் கேட்டார். உங்கள் மகனின் பெயரைச் சொன்னேன், இருபத்துநான்கு வயது, அச்சகத்தில் வேலை என்று. அவனுக்குப் பார்த்தார்களா என்றார். அண்ணிக்குத் தொலைபேசி செய்தேன். உங்களுக்குப் பெட்டி வைத்த வாரம் அவன் நண்பர்களோடு வெளியூர் போயிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, சொல்லக் கூடாது என்று உங்கள் உத்தரவு என்றார் அண்ணி.

அவனிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

உன் கை சரியாகத் தூக்க வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு வாரம்வரை தோளுக்கு மேலே தூக்காதே. அனுபவஸ்தன் சொல்கிறேன்.

சொல்லிவிட்டேன். நீ எழுதி இரண்டு வாரம் ஆகிறதே என்று திட்டாதே. பத்து நாள் அவன் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவன் வேலை முடிந்து வந்தால் சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு வரை எழமாட்டான். அப்பாவை எதையெல்லாம் சொன்னேனோ அதையெல்லாம் இவனையும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக, நெஞ்சில் பெட்டியோடு, தெரிந்துகொண்டே சொன்னேன். இளவட்டம், கைபேசியைப் பார்த்துக்கொண்டு கண் விழிக்கிறான், இது வேறு அது வேறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நேற்று அவன் முன்னால் சட்டைப் பித்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். அதன் பிறகுதான் பேச்சு வந்தது. எல்லாம் சொன்னேன், தாத்தா, நான், நீ. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"ரெண்டு வருஷமா நம்ம மாடிப்படியில பாதியில நின்னு நின்னுதான்பா ஏறுறேன். நீங்க கீழ சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தீங்க" என்றான்.

உன் அண்ணி உள்ளே போய்விட்டாள். நான் சட்டையைப் போடவும் மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

வரும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு உன் டாக்டரிடமே நேரம் வாங்கியிருக்கிறேன். அவனை அழைத்துக்கொண்டு வருகிறேன். நீயும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அவர் மறுபடி கேட்பார். நான் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அண்ணன்